ஹம்மூவின் குடுமி

சிசிலித் தீவின் திராப்பானித் துறைமுக வாசலில் கடை வைத்திருந்த நாவிதர் பிராசி தாடி எடுப்பார், மீசை திருத்துவார், பல் பிடுங்குவார், சுளுக்கிய கையை நீவி விடுவார். தலையை மட்டும் தொட மாட்டார். மொட்டை போட வருகிறவர்களை எதிர்ச் சந்திலிருந்த போட்டிக்காரனிடம் தானே அனுப்பி வைப்பார். வாசல் தேடி வந்த பிழைப்பைத் தள்ளிவிடுகிற மனிதரை ஊர் சும்மா விடுமா? உப்பளத்து ஆட்கள் வரிசையாக உட்கார்ந்துகொண்டு, மரியாதையாக 'மாஸ்த்ரு' என்று கூப்பிட்டே அவரைக் கிண்டல் செய்வார்கள்.

"என்ன மாஸ்த்ரு, மண்டைக்குள்ள இருந்து ஏதாவது கடிச்சிருமோ?"

"உன் மண்டைக்குள்ள கடிக்கிற அளவுக்கு என்ன இருக்கு?" என்பார் பிராசி. சிரிப்பு எழும். பேச்சு அதோடு வேறு பக்கம் போய்விடும்.

வெளியே சிரித்துச் சமாளித்தாலும் உள்ளூர அவருக்கு நடுக்கம்தான். வருஷத்தில் சில நாள், தென்காற்று அடிக்கும்போது, கிண்ணத்தில் ஊற்றி வைத்த தண்ணீர் உப்புக் கரிக்கும். சவுக்காரத்தை எவ்வளவு தேய்த்தாலும் நுரை எழும்பாது. கொட்டிவிட்டு வேறு தண்ணீர் இறைத்து வந்தாலும் அதே கரிப்பு. 'கடலோரக் கிணறு, அப்படித்தான் இருக்கும்' என்று வாடிக்கைக்காரர்கள் தேற்றுவார்கள். அதே கிணற்றுத் தண்ணீரைப் பக்கத்து வீட்டுக்காரி சொம்பு சொம்பாகக் குடிப்பதைப் பிராசி பார்த்திருக்கிறார். அப்புறம் அந்தக் காலடிச் சத்தம். கல் பாவிய கடைக்குள், மரப்பலகைமேல் வெறுங்காலோடு யாரோ ஓடி வருகிற மாதிரிக் கேட்கும். முதுகுக்குப் பின்னால் நெருங்கி நெருங்கி வரும். வந்து சேராது. திரும்பிப் பார்க்கிற தைரியம் முதல் வருஷம் இருந்தது, பிறகு அதுவும் போய்விட்டது.

ஓடி வருவது யாரென்று அவருக்குத் தெரியும். ஹம்மூ.

ஆறு வருஷத்துக்கு முன்பு பிராசி 'சாந்தா ஒலிவா' என்ற துடுப்புக் கப்பலில் நாவிதராக இருந்தார். சிசிலிக் கப்பல்களில் ஒருவன் யார் என்பதை அவன் தலை சொல்லிவிடும். தண்டனை பெற்று வந்த நம்மூர்க் கைதிக்கு முழு மொட்டை. பிடித்து வந்த முஸ்லிம் அடிமைக்கு மொட்டை, ஆனால் உச்சியில் ஒரு குடுமி. கூலிக்குத் துடுப்புப் போட வந்தவனுக்கு மீசை வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. பத்து நாளைக்கு ஒரு முறை இருநூறு தலைகளையும் இப்படிப் பிரித்து வைப்பதுதான் பிராசியின் வேலை. அடிமையின் குடுமியை எடுத்தால் நாவிதனின் தலை போகும் என்று கப்பல் தலைவர் முதல் நாளே சொல்லி வைத்திருந்தார்.

ஹம்மூ ஏழாவது பலகையின் துடுப்புக்காரன். கடலுக்கு அந்தப் பக்கம் அன்னாபா ஊர். கப்பல் கரையில் நிற்கிற மாதங்களில் பிராசிக்கு வெந்நீர் போடுவதும் கத்தி தீட்டுவதும் அவன்தான். இரண்டு பேரும் துறைமுகத்துக் கலப்புப் பாஷையில் ஓயாமல் பேசுவார்கள், அதைவிட ஓயாமல் சண்டை போடுவார்கள். பிராசி காய்ச்சலில் விழுந்தபோது பன்னிரண்டு நாள் வாயில் கஞ்சி ஊற்றிப் பிழைக்க வைத்தவன் ஹம்மூ. நம்மவன் ஒருவனும் எட்டிப் பார்க்கவில்லை.

அந்த ஜூன் மாதக் காலையில் மாரெத்திமோ தீவுக்கு மேற்கே காற்று செத்துக் கிடந்தது. மூடுபனி விலகியபோது எதிரே இரண்டு அல்ஜியர்ஸ் கப்பல்கள். ஓட வழியில்லை. சண்டைக்கு ஆயத்தம் என்று மணி அடித்தார்கள். இப்படி ஆபத்து வந்தால் செய்கிற முறை ஒன்று உண்டு. சாவிக்காரன் பலகை பலகையாகப் போய் மொட்டைகளின் சங்கிலியை அவிழ்த்துவிடுவான். ஆளுக்கொரு ஈட்டி கொடுத்து, இன்று உயிரோடு மிஞ்சுகிறவனுக்கு மிச்சத் தண்டனை இல்லை என்று அறிவிப்பார்கள். குடுமிக்காரர்களை அவிழ்க்க மாட்டார்கள். கைக்கும் சேர்த்து விலங்கு மாட்டுவார்கள்.

"மாஸ்த்ரு, கத்தி வெச்சிருக்கீங்களா?" என்று ஹம்மூ பலகைக்குக் கீழே குனிந்தபடி கேட்டான்.

"எதுக்குடா?"

"குடுமிய எடுத்துருங்க."

"பைத்தியமா உனக்கு? வர்றது உங்க ஆளுங்கடா. கப்பல் பிடிபட்டா நீ ராஜா. அந்தக் குடுமிதான் உனக்குச் சாவி."

"பிடிபட்டாத்தானே? முழுகினா?" ஹம்மூ அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "போன டிசம்பர்ல ஃபவிஞானா பாறையில மோதுச்சே ஒரு கப்பல், மறந்துட்டீங்களா? மொட்டைங்கள முதல்ல அவுத்தான். குடுமிக்காரங்க எழுபது பேரும் சங்கிலியோட அடியில போனாங்க. வாளுக்குச் செத்தா செத்துட்டுப் போறேன், மாஸ்த்ரு. கட்டிப் போட்ட நாய் மாதிரி தண்ணிக்குள்ள சாக மாட்டேன். இந்தச் சாவிக்காரன் புதுசு. அவனுக்கு மூஞ்சி தெரியாது, தலைதான் தெரியும்."

அது உண்மைதான். பழைய சாவிக்காரன் பலெர்மோவில் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து நாலே நாள் ஆகியிருந்தது. பிராசி யோசித்தார். நன்றி இருந்தது, பயமும் இருந்தது. கப்பல் பிடிபட்டால் இவன் நமக்காக இரண்டு வார்த்தை பேசுவான் என்ற கணக்கும் மனசின் ஒரு மூலையில் இருந்தது, அதையும் மறைக்கக் கூடாது. தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று சொல்லிக்கொண்டு கத்தியை எடுத்தார். இரண்டே இழுப்பு. முடியைக் கடலில் போட்டுவிட்டு அடுத்த பலகைக்கு நகர்ந்தார்.

சாவிக்காரன் வந்தான். மொட்டையைப் பார்த்தான், அவிழ்த்தான், ஈட்டியைக் கையில் திணித்துவிட்டுப் போனான்.

கொஞ்ச நேரத்தில் அல்ஜியர்ஸ்காரர்கள் கொக்கி போட்டு இழுத்து முன்பக்கமாக ஏறிவிட்டார்கள். ஹம்மூ கடலில் குதிப்பான் என்றுதான் பிராசி நினைத்திருந்தார். அவன் குதிக்கவில்லை. வந்தவர்களில் யாரையோ பார்த்துவிட்டான். ஈட்டியைக் கீழே எறிந்துவிட்டு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, நடுப்பலகை வழியே அவர்களை நோக்கி ஓடினான். என்னவோ கத்தினான். துப்பாக்கிச் சத்தத்தில் காதில் விழவில்லை. புகைக்குள்ளிருந்து ஒரு வளைந்த வாள் இறங்கியது. ஓட்டம் நின்றது.

அதற்குள் காற்று எழுந்து, கிழக்கே நம் கப்பல்கள் மூன்றின் பாய் தெரிந்தது. வந்தவர்கள் கொம்பு ஊதிக்கொண்டு பின்வாங்கினார்கள். செத்த மொட்டைகளையெல்லாம் ஒரே ஜெபத்தில் கடலில் இறக்கினார்கள். அதில் ஒரு மொட்டை முஸ்லிம் என்பது பிராசிக்கு மட்டும் தெரியும். வாய் திறந்தால் தூக்கு. திறக்கவில்லை. ஹம்மூ தப்பி எதிரியோடு ஓடிவிட்டான் என்று கப்பல் ஏட்டில் எழுதினார்கள். பிராசி அந்த மாதமே வேலையை விட்டுவிட்டுக் கரைக்கு வந்து கடை போட்டார்.

இதோடு முடிந்திருந்தால் அவர் பாடு அவரோடு போயிருக்கும். மூன்று வருஷம் கழித்து அவருடைய ஒரே மகன் ஆல்பெர்த்தோ, பவளம் எடுக்கப் போன படகோடு அல்ஜியர்ஸ்காரர்களிடம் பிடிபட்டான். எட்டு மாதம் தகவல் இல்லை. பிறகு கைதிகளை மீட்கிற பாதிரியார் ஒருவர் மூலமாகக் கடிதம் வந்தது. அவர் கடை வாசலில் நின்றே படித்துக் காட்டினார்.

'அன்னாபாவில் தாவூஸ் என்ற விதவை என்னைச் சந்தையில் வாங்கியிருக்கிறார். வேலை வாங்குவதற்காக இல்லை. அவருடைய இளைய மகன் ஹம்மூ சிசிலியின் சாந்தா ஒலிவா கப்பலில் இருந்தானாம், இப்போது வேறு ஏதோ கப்பலில் இருக்கிறானாம். அவனை அனுப்பினால் அன்றைக்கே என்னை அனுப்பிவிடுவாராம். வயிறாரச் சாப்பாடு போடுகிறார். அப்பா, ஹம்மூவை உங்களுக்குத் தெரியுமே.'

பிராசியின் மனைவி நின்ஃபா அங்கேயே முழங்காலிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். "தெரியுமாவா? இவருக்குக் கஞ்சி ஊத்தினவனாச்சே! கடவுள் கண்ணத் திறந்துட்டார்!"

பிராசி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உலகத்தில் எத்தனை அடிமைகள், எத்தனை தாய்மார்கள். அந்தத் தாய் கையில்தானா என் பிள்ளை விழ வேண்டும் என்று நெஞ்சு வெடித்தது. ஆனாலும் சொல்லவில்லை.

அன்று முதல் நின்ஃபா தேட ஆரம்பித்தாள். தப்பி ஓடினவன் வீடு போய்ச் சேரவில்லையென்றால் வழியில் வேறு கப்பல் பிடித்திருக்கும் என்பது அவள் முடிவு. எந்தத் துடுப்புக் கப்பல் வந்தாலும் கூடையில் ரொட்டியோடு போய்விடுவாள். காவலாளிக்கு ஒரு ரொட்டி கொடுத்து, பலகைகளைப் பார்த்து அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள். இரண்டு வருஷம் இப்படி. பிராசியையும் கூப்பிடுவாள்.

"மூஞ்சி தெரிஞ்சவரு நீங்க ஒருத்தர்தான். ஒரு நாள் வந்தா என்ன, மனுஷா? காலு தேஞ்சிருமா?"

"கடைய யாரு பாக்கிறது?" என்பார் பிராசி. அன்றைக்குக் கிண்ணத்துத் தண்ணீர் கரிக்கும்.

அக்டோபரில் எதிர்க்கரைத் தபார்க்காவிலிருந்து உப்பு ஏற்ற வந்த படகில், ஆளுநர் முத்திரை போட்ட அனுமதிச் சீட்டோடு ஒரு முஸ்லிம் வந்திறங்கினான். நாற்பது வயசு இருக்கும், இடது கையில் இரண்டு விரல் இல்லை. நடுப்பகலில் நேராகப் பிராசியின் கடைக்கு வந்தான்.

"சாந்தா ஒலிவாவுல சவரம் பண்ணினவரு நீங்கதானே? நான் யஹ்யா. ஹம்மூவோட அண்ணன்."

உள்ளிருந்து நின்ஃபா ஓடி வந்தாள். அவன் கையைப் பிடிக்கப் போனவள், அந்நிய ஆண் என்று தயங்கி, தன் கைகளையே பிசைந்துகொண்டாள். "எம் புள்ள எப்படி இருக்கான்? சாப்பிடறானா? அடிக்கிறாங்களா?"

"நல்லா இருக்கான், அம்மா. என்னைவிட நல்லா சாப்பிடறான்."

"இருங்க, சாப்பிடாம போகக் கூடாது. மீன் குழம்பு கொதிக்குது, குஸ்குஸ் ரவை பிசைஞ்சு வெச்சிருக்கேன்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

யஹ்யா நாற்காலியில் உட்கார்ந்து தலைப்பாகையை அவிழ்த்து மடியில் வைத்தான். "தலை எடுங்க, மாஸ்த்ரு."

"தலை எடுக்கிறதில்ல."

"தெரியும். வழியில சொல்லிச் சிரிச்சாங்க. ஒண்ணு கேக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்." அவன் குரல் தணிவாகத்தான் இருந்தது. "என் தம்பி குடுமிய யாரு எடுத்தது?"

பிராசி கையிலிருந்த கிண்ணத்தைக் கீழே வைத்தார். குடுமி எடுத்தது இவனுக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்கக்கூட அவரால் முடியவில்லை. ஆறு வருஷமாக அடைத்து வைத்திருந்தது தானாக வெளியே வந்தது. ஃபவிஞானா பாறை, எழுபது பேர், புதுச் சாவிக்காரன், இரண்டு இழுப்பு, எல்லாவற்றையும் சொன்னார். அவனே கேட்டான் என்பதையும் சொன்னார். தன் சுயநலக் கணக்கையும் விடவில்லை. "நான்தான் கொன்னேன். வாளு எவனோடதா இருந்தாலும் கொன்னது நான்தான். என்ன வேணா பண்ணுங்க. கத்தி உங்க பக்கத்துலயே இருக்கு."

யஹ்யா கத்தியைப் பார்க்கவே இல்லை. "அவனேதான் கேட்டானா?"

"அவனேதான்."

"மதம் மாறலையே? எங்களோட சண்டை போட ஒத்துக்கலையே?"

"இல்ல. சத்தியமா இல்ல. குடுத்த ஈட்டியக் கீழ போட்டுட்டுத்தான் ஓடினான்."

யஹ்யா மூச்சை விட்டான். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். பிறகு மூடிய கைக்குள்ளிருந்தே பேசினான்.

"அந்தக் கப்பல்ல ஏறினதே அவனத் தேடித்தான். ஒரு குடுமி விடாம மூஞ்சியப் பாத்துக்கிட்டே வந்தேன். அப்ப ஒரு மொட்டை என் மேல பாஞ்சு வந்துச்சு. வாயி திறந்திருந்துச்சு, சத்தம் கேக்கல. வெட்டிட்டேன். விழுந்தப்புறம்தான் திருப்பிப் பாத்தேன்."

பிராசி தரையிலேயே உட்கார்ந்தார்.

"தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்னு சொல்லுவாங்க. ஆடலையே, மாஸ்த்ரு. எனக்கு ஒண்ணுமே ஆடலையே. என் பேரைச் சொல்லித்தான் கத்தியிருக்கான். அது இப்பத்தான் தினமும் கேக்குது."

"எனக்கு அவன் ஓடி வர்ற சத்தம்."

"ஓ" என்றான் யஹ்யா. அடுப்படியில் நின்ஃபா பாத்திரத்தை நகர்த்துகிற சத்தம் கேட்டது. அவள் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். மகன் போனதிலிருந்து அந்த வீட்டில் கேட்காத பாட்டு.

பிராசி எழுந்து அவன் முன்னால் வந்து நின்றார். "நீங்க அம்மாகிட்ட சொல்லலையா?"

"அந்தக் கப்பல்ல அவன் இல்லன்னு சொன்னேன். அப்ப வேற கப்பல்ல இருக்கான்னு அவங்க எடுத்துக்கிட்டாங்க. சந்தைக்குப் போய் உங்க பையன வாங்கிட்டு வந்துட்டாங்க."

"எம் புள்ளையக் குடுத்துருங்க." பிராசி கையெடுத்துக் கும்பிட்டார். "உங்களுக்கு உண்மை தெரியும். ஒரு ராத்திரி படகுல ஏத்தி விட்டுருங்க. அவளுக்கு இருக்கிறது அவன் ஒருத்தன்தான்."

"முதல் வருஷம்னா விட்டிருப்பேன்." யஹ்யா தலைப்பாகையை மெதுவாகச் சுற்ற ஆரம்பித்தான். "இப்ப எங்கம்மா ஹம்மூவோட கம்பளியத்தான் அவனுக்குப் போத்தறாங்க. அவனுக்கு ஊட்டிட்டுத்தான் தூங்கறாங்க. ஹம்மூ வந்ததும் நீ போயிரலாம்டான்னு தினமும் சொல்றாங்க, சொல்லிட்டு அவன் கையப் பிடிச்சுக்கிறாங்க. ஒரு புள்ளைய என் கையாலயே எடுத்துட்டேன், மாஸ்த்ரு. இன்னொண்ணையும் என்னையே எடுக்கச் சொல்றீங்களா?"

"அவன் எம் புள்ள."

"தெரியும். வேணும்னா நீங்க பாதிரியார வெச்சுக் கடுதாசி எழுதலாம். ஹம்மூ செத்துட்டான், குடுமி எடுத்தவன் நான், வெட்டினவன் உங்க மூத்தவன்னு எழுதுங்க. நான் தடுக்க மாட்டேன்." அவன் எழுந்தான். "ஆனா ஒண்ணு. வருஷா வருஷம் வசந்தத்துல கப்பலுக்கு ஆள் எடுக்கிறவன் எங்க வாசலுக்கு வர்றான். பையன் வாட்டசாட்டமா இருக்கான், துடுப்புக்குக் குடுங்கன்னு கெஞ்சறான். இவன் என் மகனுக்கு மாத்துன்னு சொல்லி அம்மா விரட்டி விட்டுடறாங்க. ஹம்மூ இல்லன்னு தெரிஞ்சா என்ன செய்வாங்கன்னு எனக்குச் சொல்லத் தெரியல. உங்க மேல இருக்கிற கோவத்துல கூட அவனத் துடுப்புல பூட்டலாம். அவங்க காத்துக்கிட்டிருக்கிற வரைக்கும் உங்க பையனுக்குச் சங்கிலி இல்ல. அது மட்டும் நிச்சயம்."

நின்ஃபா தட்டோடு வந்தபோது அவன் வாசலைத் தாண்டியிருந்தான். "சாப்பிடாம போறாரே! என்ன மனுஷன் நீங்க, பிடிச்சு உக்கார வைக்கத் தெரியாதா? என்ன சொன்னார்?"

பிராசி அவளைப் பார்த்தார். அவள் முகத்தில் சாப்பாடு ஆறிவிடுமே என்ற கவலையும் மகன் வந்துவிடுவான் என்ற நிச்சயமும் சேர்ந்து இருந்தது. சொல்லிவிட்டால் இவள் கடிதம் எழுதச் சொல்வாள். இவளால் ஒளிக்க முடியாது. ஊர் முழுக்க அழுவாள், அழுகை ஏதாவது ஒரு படகில் ஏறி அன்னாபாவுக்குப் போய்விடும்.

"ஹம்மூ உயிரோடதான் இருக்கானாம்" என்றார். "எந்தக் கப்பல்னுதான் தெரியலையாம். விடாம தேடச் சொன்னார்."

"நான் சொல்லல? நான் சொல்லல?" நின்ஃபா தட்டைக் கீழே வைத்துவிட்டு முக்காட்டை எடுத்தாள். "மெஸ்ஸினாவுல இருந்து ரெண்டு கப்பல் காலையிலதான் வந்திருக்கு. நான் போறேன்."

"இரு" என்றார் பிராசி. "நானும் வரேன்."

அவள் நம்பாமல் பார்த்தாள். பிறகு அவர் மனசு மாறுவதற்குள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். துறையில் கப்பலோரம் காவலாளி ரொட்டியை வாங்கிக்கொண்டு தலையை ஆட்டினான். பலகை பலகையாக ஆட்கள் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"நீங்க கூப்பிடுங்க" என்றாள் நின்ஃபா. "உங்க குரல்னா தெரிஞ்சுக்குவான்."

ஆறு வருஷமாக அவர் கூப்பிடாத பெயர். உரக்கவே கூப்பிட்டார். "ஹம்மூ! அன்னாபா ஹம்மூ! உங்கம்மா தேடறாங்க!"

சங்கிலிகள் குலுங்கின. ஒரே நேரத்தில் மூன்று பேர் எழுந்து நின்றார்கள். ஒருவன் கிழவன். ஒருவனுக்கு மீசைகூட முளைக்கவில்லை. "நான்தான்! நான்தான் ஹம்மூ!" என்று மூன்று பேரும் கையை நீட்டிக்கொண்டு கத்தினார்கள்.

நின்ஃபா அவர் தோளை உலுக்கினாள். "எவன்? இதுல எவன்? சொல்லுங்க!"

பிராசி மூன்று முகங்களையும் ஒவ்வொன்றாக, நிஜமாகவே தேடுகிறவர் போல, நிதானமாகப் பார்த்தார்.

"இவங்க இல்ல" என்றார். "வா, அடுத்த கப்பலப் பாப்போம்."